வளிம உணரிகளில் இருபரிமாணப் பொருட்கள்: கணினிவழி ஆய்வுகளும் மீள்நேரச் சிக்கலும்

ஆய்வுச் சுருக்கம்

ஓரிரு அணுத் தடிமனே உள்ள தாள்கள் நச்சு வளிமங்களை உணரும் திறனைக் கணினிவழி முன்கணிக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. கிராஃபீன் தாளின்மேல் நைட்ரஜன் டைஆக்சைடு மூலக்கூறு அமரும் நிகழ்வு முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. பரப்புக் கவர்ச்சி ஆற்றலில் நேரும் சிறு பிழை, உணரியின் மீள்நேரத்தைப் பன்மடங்கு மாற்றுவது எண்கள்வழி காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கிராஃபீன், வளிம உணரி, அடர்த்திச் சார்பியக் கோட்பாடு, பரப்புக் கவர்ச்சி, மீள்நேரம்.

முன்னுரை

2004ஆம் ஆண்டில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் குழுவினர் கிராஃபீனைத் தனித்தாளாகப் பிரித்தெடுத்தனர். அத்தாளுக்கு உட்பகுதி என ஒன்றில்லை. எல்லா அணுக்களும் புறப்பரப்பு அணுக்களே. ஆகவே மேலே வந்தமரும் மூலக்கூறு தாளின் மின்கடத்தலை எளிதில் பாதிக்கிறது. 2007இல் அதே பல்கலைக்கழகக் குழு, ஒற்றை நைட்ரஜன் டைஆக்சைடு மூலக்கூறு ஒட்டுவதையும் விலகுவதையும் மின்தடையின் படிநிலை மாற்றங்களாகப் பதிவு செய்தது.

இத்தகைய நுண்ணுணர்வு வெறும் ஆய்வக வியப்பன்று. உலகச் சுகாதார அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல் நைட்ரஜன் டைஆக்சைடின் ஆண்டுச் சராசரி அளவைக் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் என வரையறுக்கிறது. காற்றில் நூறு கோடி மூலக்கூறுகளுக்கு ஏறத்தாழ ஐந்து என்பதே இதன் பொருள்.

கணிப்பு முறை

இத்துறையின் பெரும்பாலான கணிப்புகள் 1964, 1965ஆம் ஆண்டுகளில் ஹோகன்பெர்க், கோன், ஷாம் ஆகியோர் வகுத்த அடர்த்திச் சார்பியக் கோட்பாட்டின்மேல் நிற்பவை. பல எலக்ட்ரான்களின் அலைச்சார்பைத் தேடுவதற்கு மாற்றாக, எலக்ட்ரான் அடர்த்தியிலிருந்தே ஆற்றலைப் பெறுவது இதன் அடிப்படை. தாளின் ஒரு சிறு துண்டு, எடுத்துக்காட்டாக 32 கார்பன் அணுக்கள் கொண்ட துண்டு, எல்லையின்றித் திரும்பத் திரும்ப வருவதாகக் கொள்ளப்படுகிறது. அதன்மேல் ஒரு மூலக்கூறு வைக்கப்படுகிறது. மூலக்கூறுடன் கூடிய தாளின் ஆற்றலிலிருந்து, தாளின் ஆற்றலையும் மூலக்கூறின் ஆற்றலையும் கழித்தால் கிடைப்பதே பரப்புக் கவர்ச்சி ஆற்றல். இது எதிர்க்குறி பெற்றால் மூலக்கூறு ஒட்டுகிறது. இக்கட்டுரையில் அதன் எண்ணளவு மட்டும் தரப்படுகிறது.

கோட்பாடும் சோதனையும்

2008இல் லீனார்ட்ஸ், பார்ட்டோயன்ஸ், பீட்டர்ஸ் ஆகியோர் கிராஃபீன்மேல் ஐந்து சிறு மூலக்கூறுகளை வைத்துக் கணித்தனர். நைட்ரஜன் டைஆக்சைடு தாளிலிருந்து ஏறத்தாழ 0.1 எலக்ட்ரான் அளவு மின்சுமையைப் பெறுகிறது; அம்மோனியா ஏறத்தாழ 0.03 அளவு தருகிறது. சோதனைகள் காட்டிய திசையும் இதுவே. நைட்ரஜன் டைஆக்சைடில் இணையற்ற எலக்ட்ரான் ஒன்றுண்டு. அதன் பகுதி நிரம்பிய ஆற்றல்நிலை கிராஃபீனின் டிராக் புள்ளிக்குக் கீழே அமைவதால் எலக்ட்ரான் அங்கே இறங்குகிறது.

ஆற்றலின் அளவில்தான் முரண் எழுகிறது. நைட்ரஜன் டைஆக்சைடுக்கு அவர்கள் பெற்ற மதிப்பு 0.067 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலே 0.026 எலக்ட்ரான் வோல்ட். இவ்வளவு தளர்ந்த பிணைப்பில் மூலக்கூறு சில பிக்கோவினாடிகளே தங்கும். மான்செஸ்டர் குழுவினரோ ஒட்டிய மூலக்கூறுகளை அகற்றத் தாளை வெற்றிடத்தில் 150 பாகை செல்சியசுக்குச் சூடாக்க வேண்டியிருந்தது.

அக்கணிப்பில் பயன்பட்ட சார்பியம் வாண்டர்வால்ஸ் ஈர்ப்பை முறையாகக் கொள்வதில்லை என்பது ஒரு காரணம். கிரிம்மே 2006இலும் 2010இலும் முன்வைத்த திருத்தங்கள் இக்குறையைப் பெரிதும் நீக்கின. ஆயினும் மாசற்ற கிராஃபீன்மேல் அமையும் பிணைப்பு இயற் பரப்புக் கவர்ச்சியாகவே நீடிக்கிறது. மற்றொரு காரணம் சோதனைத் தாளிலேயே இருந்தது. உணரியை உருவாக்கும்போது பூசப்படும் பலபடியின் எச்சம் கிராஃபீன்மேல் படிந்து வளிமத்தை ஈர்ப்பதையும், அதனைத் துப்புரவாக அகற்றியபின் துலங்கல் வெகுவாகக் குறைவதையும் 2009இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு காட்டியது. கணிப்பு பிழைபட்டது என எண்ணப்பட்ட இடத்தில், கணிக்கப்பட்ட பொருளும் அளக்கப்பட்ட பொருளும் ஒன்றல்ல என்பது தெளிந்தது.

மீள்நேரம்

பிணைப்பு வலுத்தால் உணரி சிறக்கும் என்பது பல கட்டுரைகளில் கேள்வியின்றி ஏற்கப்படும் கருத்து. அது பாதி உண்மையே. மூலக்கூறு விலகித் தாள் பழைய நிலைக்குத் திரும்ப ஆகும் காலம், பரப்புக் கவர்ச்சி ஆற்றலை வெப்ப ஆற்றலால் வகுத்து வரும் எண்ணுக்கு ஏற்ப அடுக்குக்குறி முறையில் உயர்கிறது. முயற்சி அதிர்வெண்ணை வினாடிக்கு 10¹² எனவும் வெப்பநிலையை 300 கெல்வின் எனவும் கொண்டால், 0.5 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மீள்நேரம் 0.25 மில்லிவினாடி, 0.8க்கு ஏறத்தாழ 28 வினாடி, 1.0க்குப் பதினேழரை மணி நேரம், 1.2க்கு நான்கரை ஆண்டு. இறுதியில் கூறப்பட்டதை உணரி என்பதைவிடப் பொறி என்பதே பொருந்தும். அதனையே 400 கெல்வினுக்குச் சூடாக்கினால் மீள்நேரம் 22 நிமிடமாகக் குறையும். ஆனால் அதற்குச் சூடேற்றியும் மின்திறனும் தேவை.

0.1 எலக்ட்ரான் வோல்ட் வேறுபாடு அறை வெப்பநிலையில் மீள்நேரத்தை ஏறத்தாழ 48 மடங்கு மாற்றுகிறது. சார்பியத்தை மாற்றினாலே இவ்வளவு வேறுபாடு எளிதில் நேர்ந்துவிடும். ஆதலால் ஒரே ஒரு சார்பியத்தால் பெற்ற மீள்நேரத்தை வினாடிக் கணக்கில் துல்லியமாக எழுதுவது ஏற்கத்தக்கதன்று; அதன் படிவரிசையை மட்டும் கூறுவதே நேர்மை.

பிற தாள்கள்

கிராஃபீனில் போரான், அலுமினியம் போன்ற அணுக்களைப் புகுத்திப் பிணைப்பை வலுப்படுத்தலாம் எனக் கணிப்புகள் காட்டுகின்றன. ஓரடுக்கு மாலிப்டினம் டைசல்பைடு ஏறத்தாழ 1.8 எலக்ட்ரான் வோல்ட் பட்டை இடைவெளி கொண்ட குறைகடத்தி, திரிதடையமாக இயங்கவல்லது. பாஸ்பரீன் கணிப்பில் மிகச் சிறந்தது. காற்றில் சிதைவது அதன் பெருங்குறை. 2011இல் அறிமுகமான மேக்சீன்களில் மேற்பரப்பை மூடும் ஆக்சிஜன், ஹைட்ராக்சில், புளூரின் ஆகியவற்றின் விகிதமே முடிவைத் தீர்மானிக்கிறது. பல கணிப்புகள் மேற்பரப்பு முழுவதையும் ஆக்சிஜனால் மட்டுமே மூடுகின்றன. ஆய்வகத்தில் கிடைக்கும் மேக்சீனில் இம்மூன்றும் கலந்தே இருக்கும்.

ஈரப்பதம்

30 பாகை செல்சியசும் 70 விழுக்காடு ஈரப்பதமும் கடலோர நகரங்களில் இயல்பானவை. அக்காற்றில் ஏறத்தாழ 3 விழுக்காடு நீராவி. மேற்கூறிய வழிகாட்டு அளவில் ஒரு நைட்ரஜன் டைஆக்சைடு மூலக்கூறுக்கு ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட நீர் மூலக்கூறுகள் உள்ளன. கணிப்புகளோ பெரும்பாலும் வெற்றிடத்தில், தனி வெப்பநிலைச் சுழியில், ஒற்றை மூலக்கூறுடன் நின்றுவிடுகின்றன. நீர் தாளை நேரடியாகப் பாதிக்காது எனக் கொண்டு அதனைத் தவிர்ப்பதும் பொருந்தாது: மாசற்ற தனித்த கிராஃபீனில் நீர் ஏறக்குறைய எந்த மாற்றமும் செய்வதில்லை என்றும், அடியிலுள்ள சிலிக்கா தளத்தின் குறைபாடுகளோடு சேரும்போதே அது மின்கடத்தலை மாற்றுகிறது என்றும் வேலிங் குழுவினர் 2008இலேயே கணித்துக் காட்டினர். அத்தளத்தையும் நீரையும் சேர்த்துக் கணிக்க 32 அணுக்கள் கொண்ட துண்டு போதாது.