மலையகத்தின் பிள்ளைகள் – 9: படிக்கத் தெரியாத அம்மாயியும் ஒரு படப் புத்தகமும்

கடந்த வாரம் முன்பள்ளியைப் பற்றிப் பேசினோம். பிள்ளை அங்கே வந்து சேர்வதற்கு முந்திய மூன்று ஆண்டுகளை இந்த வாரம் பார்க்க வேண்டும்.

தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை என்று திம்புள்ளப் பக்கத்துத் தோட்டங்களில் அந்த வயதுப் பிள்ளைக்குப் புத்தகம் வாசித்துக் காட்டும் பேச்சை எடுத்தாலே அம்மாயிமார் முகம் சுருங்கிவிடும். "எனக்கே படிக்கத் தெரியாதுங்க. புள்ளைக்கு என்னத்தப் படிச்சுக் காட்டுறது?" என்பார்கள். அந்தக் கூச்சம் அவர்கள் குற்றமில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பெருமளவில் பொறுப்பேற்றதே 1977 தொடங்கித்தான். அதற்கு முன்பு ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு சரி என்ற பள்ளிகளே ஏராளம். பெண்பிள்ளை என்றால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள அதற்கும் முன்பே நின்றுவிடுவாள்.

ஆனால் சின்னப் பிள்ளையோடு உட்கார்ந்து புத்தகம் பார்க்க எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. தென்னாபிரிக்காவில், கேப்டவுனை ஒட்டிய கயலிட்ஷா என்ற வறிய குடியிருப்பில் நடந்த ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. 14 முதல் 16 மாதக் குழந்தைகளை வளர்ப்பவர்களுக்கு, படப் புத்தகத்தைப் பிள்ளையோடு சேர்ந்து எப்படிப் பார்ப்பது என்று எட்டு வாரம் பழக்கினார்கள். பயிற்சி பெறாத வீட்டுக் குழந்தைகளைவிட இவர்களின் குழந்தைகளிடம் சொல்வளம் கூடியிருந்தது. ஒன்றில் கவனம் வைத்திருப்பதும் மேம்பட்டிருந்தது.

பழக்கியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பிள்ளை எந்தப் படத்தில் விரல் வைக்கிறதோ அதைப் பற்றியே பேச வேண்டும். நாய் படம் என்றால், "நாய் எங்க ஓடுது?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். "அந்தா!" என்று பிள்ளை சொன்னால், "ஆமா, ஆத்துப் பக்கம் ஓடுது. நம்ம லயத்து நாய் மாதிரியே வாலை ஆட்டுது பாரு" என்று இரண்டு சொல் கூட்டித் தர வேண்டும். அந்தப் பொறுத்திருத்தல்தான் கடினம். பெரியவர்கள் நாம் கேள்வியும் கேட்டு, பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம்.

படிக்கத் தெரிந்த வீட்டுக்கு இன்னொரு பலன் உண்டு. வீட்டில் "வந்துருச்சு" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, தரம் ஒன்றில் "வந்துவிட்டது" என்பதைச் சந்திக்கிறது. எழுத்தும் புதிது, மொழியும் புதிது என்று இரண்டு சுமை ஒரே நாளில் தலையில் ஏறுகிறது. அரபு மொழியிலும் பேச்சுக்கும் எழுத்துக்கும் இதே தூரம் உண்டு. இஸ்ரேலில் அரபு பேசும் பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்து நடையிலேயே கதை வாசித்துக் காட்டிய ஆய்வு ஒன்றை டினா ஃபைட்டல்சனும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்டார்கள். கேட்டு வந்த பிள்ளைகள் கதையை நன்றாகப் புரிந்துகொண்டார்கள், படங்களைப் பார்த்துக் கதை சொல்வதிலும் முந்தியிருந்தார்கள். ஆகவே புத்தகத்தில் உள்ளபடியே ஒரு தடவை வாசியுங்கள். பிறகு நம் பேச்சில் சொல்லுங்கள்.

லயத்துக்கு இது அந்நியமான பழக்கமும் இல்லை. அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை போன்ற பெரிய எழுத்துப் புத்தகங்களை எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் ராகம் போட்டுப் படிக்க, சுற்றி உட்கார்ந்து கேட்ட சனங்களின் பேரப்பிள்ளைகள் நாம். மடக்கும்புர தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை திரட்டித் தந்த மலைநாட்டுப் பாடல்களும் எழுத்தறியாதவர்கள் வாயில் வாழ்ந்தவையே. அந்த வாய் இன்னும் இருக்கிறது. பிள்ளையின் கையில் புத்தகம்தான் இல்லை.

நேரமா? காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய், மாலை கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, விறகு, தண்ணீர், சமையல் என்று ஓடும் தாயிடம் தினமும் அரைமணி நேரம் ஒதுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படுக்கப் போகுமுன் பத்து நிமிடம் போதும். முடியாத நாளில் அம்மாயி பார்க்கட்டும், ஐந்தாம் ஆண்டு படிக்கும் அக்கா வாசிக்கட்டும். அக்காவின் வாசிப்பும் திருந்தும்.

புத்தகத்துக்குக் காசு வேண்டும் என்பது உண்மையான தடை. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, கைபேசியில் திறக்கலாம். ஆனாலும் ஒன்றரை வயதுக் கை புரட்டுவதற்குத் தாள் வேண்டும். ஒவ்வோர் ஒக்டோபரிலும் தேசிய வாசிப்பு மாதம் கொண்டாடுகிறோம். போட்டிகள், பரிசுகள் எல்லாம் உண்டு. அந்த மாதத்திலாவது நூலக அலுமாரியைத் திறந்து, வீட்டில் தம்பி தங்கை உள்ள ஒவ்வொரு மாணவரிடமும் வெள்ளிக்கிழமை ஒரு படப் புத்தகம் கொடுத்தனுப்புங்கள் என்று பாடசாலை அதிபர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு கிழிந்து வரும். பசை தடவி ஒட்டி, அடுத்த வெள்ளி மறுபடி அனுப்புங்கள்.

அடுத்த வாரம், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவுக்குப் போவோம்.

(தொடரும்)