எபிசோட் 31: மணிக்கொடியும் மலைக்குப் போற ஜீப்பும்

ஒர்க் ஃப்ரம் ஹோம்ல ஊருக்கு வந்திருக்கேன். அதனால இந்த எபிசோட் பொட்டிபுரத்துல எங்க வீட்டு மாடியில இருந்து. பின்னாடி நாய் குரைச்சா கண்டுக்காதீங்க.

போன எபிசோடுக்கு அப்புறம் ஒருத்தர் கேட்டிருந்தார்: "புதுமைப்பித்தன், மௌனி, கு.ப.ரா.ன்னு எல்லாரையும் மணிக்கொடி எழுத்தாளர்னு சொல்றாங்களே, அப்படி என்ன பத்திரிகை அது?" இன்னைக்கு அதுதான்.

மணிக்கொடி 1933 செப்டம்பர்ல சென்னையில வாரப் பத்திரிகையா தொடங்குச்சு. தொடங்கினது மூணு பேர்: ஸ்டாலின் சீனிவாசன், வ.ரா., டி.எஸ்.சொக்கலிங்கம். மூணு பேருமே சுதந்திரப் போராட்டக்காரங்க. அதனால அரசியல் நிறைய இருந்தது. கதையும் கவிதையும் கூடவே வந்தது. புதுமைப்பித்தனோட 'பொன்னகரம்' 1934-ல வந்தது இதுலதான். ந.பிச்சமூர்த்தி யாப்பை விட்டுட்டு எழுதிப் பார்த்த 'காதல்' கவிதையும் அதே வருஷம் இதுலதான். இன்னைக்கு நாம ஸ்டேட்டஸ்ல போடுற புதுக்கவிதைக்கெல்லாம் பாட்டன் அது.

வார இதழ் ரொம்ப நாள் தாங்கல. அதைக் கையில எடுத்தவர் பி.எஸ்.ராமையா. 1935-ல மாதம் இருமுறை வர்ற சிறுகதைப் பத்திரிகையா மாத்தினார். நம்ம பாஷையில சொன்னா, பத்து ஃபீச்சர் இருந்த ஆப்பை ஒரே ஃபீச்சரோட ரீலாஞ்ச் பண்ணார். ஆனந்த விகடன், கலைமகள்லயும் சிறுகதை வந்துட்டுதான் இருந்தது. ஆனா இங்க ஆசிரியரே கதைக்காரர். கதையை எப்படிச் சொல்லலாம்னு சோதிச்சுப் பார்க்க இடம் கிடைச்சது.

இதுல நமக்குப் பெருமையான விஷயம் ஒண்ணு இருக்கு. ராமையா வத்தலக்குண்டுக்காரர். 'சரசாவின் பொம்மை' கதையை மணிக்கொடியில எழுதின சி.சு.செல்லப்பா பேர்ல இருக்கிற 'சி', எங்களுக்குப் பக்கத்துல இருக்கிற சின்னமனூர். ஆமா, 'வாடிவாசல்' எழுதின அதே செல்லப்பாதான். பின்னாடி 1959-ல 'எழுத்து' பத்திரிகையை ஆரம்பிச்சு 119 இதழ் கொண்டுவந்தார்.

மணிக்கொடியில நான் மறக்காத கதை 'துன்பக்கேணி'. 1935-ல வந்தது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்துல இருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியா போற மருதியோட கதை. நம்மில் பல பேர் 'பரதேசி' படம் பார்த்திருப்போம். அந்தப் படத்துக்கு ஆதாரமான 'ரெட் டீ' நாவல் வந்தது 1969-ல. அதுக்கு 34 வருஷம் முன்னாடியே புதுமைப்பித்தன் தோட்டக்கூலியைக் கதையோட நடுவுல கொண்டுவந்து வச்சுட்டார்.

எங்க அம்மாவும் தோட்டக்கூலிதான். விடியுறதுக்கு முன்னாடி ஜீப்புல ஏறி, போடிமெட்டு வழியா 17 கொண்டை ஊசி வளைவு தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போவாங்க. ஏலச்செடியில காய் அடியில, தரையை ஒட்டித்தான் பிடிக்கும். நாள் முழுக்கக் குனிஞ்சோ குத்தவச்சோதான் காய் எடுக்கணும். நான் இன்ஜினியரிங் படிச்சது அந்தக் காசுலதான்.

போன வாரம் ராத்திரி அம்மாவுக்குத் 'துன்பக்கேணி'யை வாசிச்சுக் காட்டினேன். முழுசாக் கேட்டாங்க. மருதிக்கு நடந்ததைக் கேட்டுக் கண்ணைத் துடைச்சாங்க. அப்புறம் கேட்டாங்க: "இதை எழுதுனவரு தோட்டத்துல வேலை பார்த்தாராய்யா?"

இல்லம்மா, பத்திரிகைக்காரர்னு சொன்னேன்.

"அதான். மழை பெய்ஞ்சா அந்தப் பிள்ளை எங்க ஒதுங்குச்சு, சோத்துச் சட்டியை எங்க வச்சுச்சுன்னு சொல்லலையே."

எனக்குப் பதில் வரல. மணிக்கொடி கூலிக்காரியைக் கதைக்குள்ள கூட்டிட்டு வந்தது. 1935-ல அது சின்ன விஷயம் இல்ல. ஆனா பேனா அவங்க கைக்குப் போகல. பணக் கஷ்டத்தோட ஓடின அந்தப் பத்திரிகை, அந்தப் பத்து வருஷத்துக்குள்ளேயே நின்னும் போச்சு. மிச்ச வேலை இன்னும் அப்படியே இருக்கு. இன்னைக்கு அதுக்கு அச்சகம் வேண்டாம், ஒரு மைக் போதும்.

அதனால அடுத்த எபிசோட்ல அம்மா பேசணும்னு கேட்டிருக்கேன். தேதி மட்டும் முடிவாகல. "ஒரு நாள் கூலி போயிரும்யா, மழையில வேலை இல்லாத நாளாப் பாரு"ன்னுட்டாங்க.

மழைக்காகக் காத்திருக்கேன். சந்திப்போம்.