கேசட் முனகும், ஹார்டு டிஸ்க் முனகாது

பரணில் கிடக்கும் பழைய கேசட் ஒன்றை எடுத்து, நடுவில் உள்ள சின்னச் சன்னல் வழியே பாருங்கள். சுருளின் ஓரம் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை. அப்படியே டேப் ரெக்கார்டரில் போட்டால் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் தொற்றும்.

கேசட் நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. பாலியெஸ்டர் பட்டையின் மேல் இரும்பு ஆக்சைடுத் துகள்களைப் பிசின் பிடித்து வைத்திருக்கிறது. அந்தத் துகள்களின் காந்தம்தான் பாட்டு. ஈரக்காற்றில் பிசின் மெல்லச் சிதையும், துகள்கள் பழுப்புப் பொடியாக உதிரும். முதலில் மங்குவது உச்ச அதிர்வெண்கள். ஜால்ராவும் சலங்கையும் போர்வைக்குள் ஒலிப்பதுபோல் கேட்கும். ரெக்கார்டிங் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கினோமே, அந்த 90 நிமிடக் கேசட்டுகளில் இன்னொரு கோளாறும் உண்டு. 60 நிமிடக் கேசட்டைவிட அவற்றின் நாடா மெல்லியது. ஒரு சுற்றின் காந்தம் பக்கத்துச் சுற்றிலும் லேசாகப் பதிந்துவிடுவதால், பல்லவி தொடங்கும் முன்பே அதன் நிழல் கேட்கும். பேய் பிசாசு எதுவும் இல்லை.

இப்படிக் கேசட் சாவதற்கு முன் பலமுறை முனகிவிடும். 1982இல் விற்பனைக்கு வந்த சிடிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாகப் பதிவதோடு, பிழை திருத்தவும் கூடுதல் எண்களைச் சேர்த்து வைக்கிறார்கள். தடத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் அழிந்தாலும் பாட்டு முழுதாக மீளும். கீறல்கள் சேர்வது காதுக்குத் தெரியாது; எல்லை தாண்டிய அன்று பாட்டு குதிக்கும். பலரும் பளபளக்கும் பக்கத்தைத்தான் பொத்திப் பொத்திக் காக்கிறார்கள். அங்கே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடித்த பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. அலுமினியப் படலமோ லேபிளுக்குக் கீழேயே, மெல்லிய அரக்குப் பூச்சோடு நிற்கிறது. லேபிள் பக்கம் ஆழமாகக் கீறினால் கதை முடிந்தது. வீட்டில் 'பர்ன்' செய்த சிடி இன்னும் மோசம். அதிலிருப்பது வெயிலில் வெளுக்கும் சாயம்.

பென் டிரைவில் பாட்டு மின்னூட்டமாக இருக்கிறது. பல வருடம் அலமாரியில் தூங்கினால் அது கசியும். இணையத்தில் ஏற்றிவிட்டால் கவலையில்லை என்பவர்கள் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தைக் கேட்கட்டும். சர்வர் மாற்றும் வேலையில், 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாட்டுகள் தொலைந்தன என்று 2019இல் தெரியவந்தது. 5 கோடிக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். பின்னர் மீண்டவை சுமார் 4,90,000. ஆய்வுக்காகச் சிலர் முன்பே நகலெடுத்து வைத்திருந்ததால் அவை பிழைத்தன.

டிஜிட்டலின் பலம் ஆயுள் இல்லை, நகல்தான். கேசட்டிலிருந்து கேசட்டுக்கு மாற்றினால் ஒவ்வொரு முறையும் இரைச்சல் ஏறும். கோப்பின் நூறாவது நகலும் முதல் நகலும் ஒன்றே. அதனால் கேசட்டா ஹார்டு டிஸ்க்கா என்று வழக்காடுவது வீண். எம்பி3யாகச் சுருக்காமல், அசலைவிடச் சிறிய அளவில் எதையும் இழக்காத ஃப்ளாக் கோப்பாக வையுங்கள். மூன்று நகல், இரண்டு வகைக் கருவி, ஒன்று வேறு வீட்டில்.

கடையில் வாங்கிய சினிமாக் கேசட் காத்திருக்கலாம். அந்தப் பாட்டு எங்காவது கிடைத்துவிடும். ஊர்த் திருவிழா நாதஸ்வரம், கல்யாணக் கச்சேரி, அப்பா துபாயிலிருந்து பேசி அனுப்பிய கேசட் ஆகியவற்றுக்கு உலகத்தில் ஒரே பிரதிதான். அவற்றை அடுத்த மழைக்காலத்துக்கு முன் கணினியில் ஏற்றிவிடுங்கள்.