மூத்திரமும் முத்திரையும்

பூனை பெய்த ஈரத்தை அப்போதே மோந்து பார்த்தால் பெரும்பாலும் அவ்வளவாக நாறாது. மறுநாள்தான் வீச்சம் ஆளைத் தூக்கும். ஈரமாக இருந்ததைவிடக் காய்ந்தபின் அதிகமாக நாறுகிறது என்றால், இடைப்பட்ட நேரத்தில் அங்கே ஏதோ வேலை நடந்திருக்கிறது. பூனை வளர்க்கும் வீட்டை வாடையில்லாமல் வைத்துக்கொள்ள நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த வேலையைத்தான்.

வீட்டுப் பூனையின் மூதாதை, வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலங்களில் திரியும் காட்டுப்பூனை. தண்ணீர் அரிதான இடத்தில் ஒவ்வொரு சொட்டையும் மிச்சம் பிடிக்கப் பழகிய சிறுநீரகம் அதனுடையது. மனிதச் சிறுநீர் எட்டக்கூடிய உச்ச அடர்த்தியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் பூனையின் சிறுநீர் சுண்டக்கூடியது. இறைச்சி தின்று வாழும் பிராணி என்பதால் அதில் யூரியாவும் ஏராளம். பாக்டீரியாக்கள் யூரியேஸ் என்ற நொதியால் அந்த யூரியாவை உடைக்கும்போது அம்மோனியா கிளம்புகிறது. பேருந்து நிலையக் கழிப்பறைகளில் கண்ணை எரிப்பதும் இதே வாயுதான்.

ஆனால் அம்மோனியா எல்லா மூத்திரத்துக்கும் பொது. பூனைக்கே உரிய அந்த வாடைக்கு வேறொரு மூலம் உண்டு. 1953-இல் வெஸ்டால் என்ற ஆய்வாளர் பூனையின் சிறுநீரிலிருந்து கந்தகம் கலந்த ஓர் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார். பூனைக் குடும்பத்தின் லத்தீன் பெயரையொட்டி அதற்கு ஃபெலினின் என்று பெயர். ஃபெலினினுக்கு மணமில்லை. அது மெல்ல மெல்லச் சிதைந்து, கந்தகத்தைச் சுமக்கும் சிறிய மூலக்கூறாகி ஆவியாகும்போதுதான் மூக்கு விழித்துக்கொள்கிறது. தையால் என்னும் வேதிக்குடும்பத்தைச் சேர்ந்தது அந்த மூலக்கூறு. சமையல் எரிவாயு கசிந்தால் தெரிய வேண்டும் என்று சிலிண்டரில் கலக்கப்படும் ஈதைல் மெர்காப்டனும் அதே குடும்பம்தான். தையால்களை மிக மிகக் குறைந்த அளவிலும் மனித மூக்கு கண்டுபிடித்துவிடும்.

ஃபெலினின் எப்படி உருவாகிறது என்ற புதிருக்கு விடை ஜப்பானிலிருந்து வந்தது. சிறுநீரில் புரதம் மிகுதியாக வெளியேறினால் சிறுநீரகக் கோளாறு என்று மருத்துவர்கள் சந்தேகிப்பார்கள். ஆனால் நல்ல ஆரோக்கியமான பூனைகளின் சிறுநீரிலும் ஒரு புரதம் தாராளமாக இருந்தது. மசாவோ மியாசாகியும் அவருடைய குழுவினரும் அதற்குக் காக்ஸின் என்று பெயரிட்டார்கள். 2006-இல் அதன் பணியையும் விளக்கினார்கள். அது ஒரு நொதி. பெரிய மூலக்கூறு ஒன்றிலிருந்து கிளைசின் என்ற துண்டை அது வெட்டிவிடுகிறது. மிஞ்சுவது ஃபெலினின். காயடிக்காத கடுவன் பூனையிடம் காக்ஸினும் ஃபெலினினும் மிக அதிகம்; காயடித்தபின் இரண்டும் குறைந்துவிடுகின்றன. சுவரோரம் வாலைத் தூக்கி நின்று கடுவன் பீய்ச்சுவது எல்லைக்கல் நடும் வேலை. மணமற்ற சரக்கை வைத்துவிட்டுப் போனால், அது சிறுகச் சிறுகச் சிதைந்து பல நாள் செய்தி சொல்லிக்கொண்டே இருக்கும். கருத்தடை அறுவை சிகிச்சை செய்தால் பெரும்பாலான கடுவன்கள் பீய்ச்சுவதை விட்டுவிடுகின்றன அல்லது குறைத்துக்கொள்கின்றன. வாடைக்கு எதிரான மிக வலுவான மருந்து, ஆக, கால்நடை மருத்துவரிடம் இருக்கிறது.

நாமோ ஃபினாயில் பாட்டிலை எடுக்கிறோம். கறுப்பு ஃபினாயிலில் உள்ள ஃபீனால் வகைப் பொருட்களைச் செரித்து வெளியேற்றும் வலிமை பூனையின் கல்லீரலுக்கு இல்லை. அதற்குத் தேவையான நொதிகளில் முக்கியமான ஒன்றின் மரபணு, சிங்கம் புலி உட்படப் பூனைக் குடும்பம் முழுவதிலும் செயலிழந்து கிடக்கிறது. பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையின் உயிரைப் பறிக்கக்கூடும் என்பதற்கும் காரணம் இதுதான். துடைத்த தரையில் பூனை நடக்கும். பிறகு பாதத்தை நக்கும். நஞ்சு உள்ளே போகும். தண்ணீரில் ஊற்றியதும் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினிகளைப் பூனை நடமாடும் தரையில் தவிர்ப்பது நல்லது. பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். அது அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமின் என்ற மூச்சை அடைக்கும் வாயு பிறக்கும். வினிகரோடு சேர்ந்தால் குளோரினே கிளம்பும். ஊதுபத்தியும் ரூம் ஸ்ப்ரேயும் நம் மூக்கைத்தான் ஏமாற்றும். அந்த மணத்துக்கு அடியில் இருக்கும் முத்திரை பூனைக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். அதே மூலைக்குத் திரும்ப வந்து புதுப்பிக்கும்.

முத்திரையையே அழிக்க வேண்டுமென்றால் அதன் இரண்டு பகுதிகளையும் தனித்தனியே கவனிக்க வேண்டும். ஈரத்தைத் தேய்க்காமல் பழந்துணியால் ஒற்றி எடுத்து, தண்ணீர் விட்டு மறுபடி ஒற்ற வேண்டும். நீர் கலந்த வினிகர் அம்மோனியாவை ஆவியாகாத உப்பாக மாற்றிவிடும். கந்தகத்துக்கு வினிகர் போதாது. அதற்கு ஆக்ஸிஜன் தேவை. ஸ்கங்க் என்ற அமெரிக்க விலங்கு பீய்ச்சும் நாற்றமும் தையால்தான். அதைப் போக்க 1993-இல் பால் கிரேபாம் என்ற வேதியியலாளர் எளிய கலவை ஒன்றை வெளியிட்டார்: மூன்று சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, சமையல் சோடா, கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம். பெராக்சைடு தரும் ஆக்ஸிஜன் தையாலை மணமற்ற பொருளாக மாற்றிவிடுகிறது. பூனை வாடைக்கும் இதே தர்க்கம் பொருந்தும். அவ்வப்போது கலந்து தரையில் மட்டும் பயன்படுத்தி, பிறகு நன்றாகக் கழுவிவிட வேண்டும். மூடிய பாட்டிலில் அடைத்து வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும். சாயத் துணியில் பட்டால் வெளுக்கும்.

தேங்காய் நார் மெத்தை, சோபா, சிமெண்டுத் தரை போன்றவற்றில் ஈரம் ஆழமாக இறங்கிவிடும். அங்கே செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் நொதிக் கலவைதான் உதவும். மூத்திரம் இறங்கிய ஆழத்துக்கு அதுவும் இறங்க வேண்டும். வேலை முடியும்வரை ஈரம் காயக் கூடாது. பாக்டீரியா கலந்த கலவையாக இருந்தால், முன்னதாகக் கிருமிநாசினி ஊற்றிய இடத்தில் பலிக்காது. எங்கே பெய்தது என்றே தெரியாவிட்டால், இரவில் விளக்கை அணைத்துப் புறஊதா டார்ச்சை அடித்துப் பாருங்கள். பழைய கறை மஞ்சளாக ஒளிரும்.

பூனைக்கென்று வைக்கும் மண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1947-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பூனைக்காகச் சாம்பலைப் பயன்படுத்தி அலுத்துப்போன பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எட் லோ என்பவர் ஈரம் உறிஞ்சும் களிமண்ணைக் கொடுத்துப் பார்த்தார். நம் ஊரில் முல்தானி மிட்டி என்று முகத்துக்குப் பூசுகிறோமே, அந்த வகைதான். கேட் லிட்டர் என்ற வணிகமே அதிலிருந்து வளர்ந்தது. இப்போது அதிகம் விற்கும் கட்டியாகும் வகையில் இருப்பது பென்டோனைட். குஜராத்தின் கட்ச் பகுதியில் இது நிறைய வெட்டியெடுக்கப்படுகிறது. சீட்டுக்கட்டுபோல் அடுக்கடுக்கான இதன் தகடுகள் ஒவ்வொன்றும் சுமார் ஒரு நானோமீட்டர் தடிமன். தகடுகளுக்கிடையே உள்ள சோடியம் அயனிகள் நீரை உள்ளே இழுக்க, மண் உப்பிப் பசையாகி உருண்டையாகிவிடும். பாக்டீரியா யூரியாவை உடைத்து முடிப்பதற்குள் அந்த உருண்டையை அள்ளி எறியலாம். கழிப்பறையில் மட்டும் கொட்ட வேண்டாம், குழாய்க்குள் உப்பி அடைத்துக்கொள்ளும்.

தினமும் அள்ளுவதில் இன்னொரு லாபமும் உண்டு. தொற்றுள்ள பூனையின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணி இருந்தால், அது தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். கர்ப்பிணிகள் இந்த வேலையைப் பிறரிடம் விட்டுவிடுவதே நல்லது. இந்த மண்ணை வைக்கும் தட்டுகளின் எண்ணிக்கை பூனைகளைவிட ஒன்று கூடுதலாக இருக்கட்டும் என்பார்கள் மருத்துவர்கள்.

எப்போதும் தட்டில் போகும் பூனை திடீரென்று வெளியே பெய்யத் தொடங்கினால், அதைச் சேட்டை என்று ஒதுக்கிவிடக் கூடாது. சிறுநீர்ப்பை அழற்சி, கல், சர்க்கரை நோய் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். கடுவன் அடிக்கடி முக்கியும் சொட்டு வராவிட்டால், பாதை அடைத்துக்கொண்டிருக்கக்கூடும். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அன்றைக்குத் தரையைப் பிறகு துடைத்துக்கொள்ளலாம், முதலில் ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.