அப்புவின் பாய் ஏன் நனைகிறது?

2009 இல் யுத்தம் முடிவடைந்த பின்னர், எமது பிரதேசங்களில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் பல உள்ளன. பிள்ளைகளை வளர்ப்பதுடன் வயோதிபத் தந்தையையோ மாமனாரையோ பராமரிக்கும் பொறுப்பும் இப்பெண்களுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. சமூகப் பணிக்காக வீடுகளுக்குச் செல்லும்போது, அவர்கள் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொல்லும் ஒரு விடயம் உண்டு. வீட்டிலுள்ள ஆண்களின் சலப் பிரச்சினைதான் அது.

வன்னிக் கிராமமொன்றில் கணவனை இழந்த ஒரு சகோதரி சொன்னார்: "மிஸ், அப்பு இரவில பாயை நனைக்கிறார். அதாலை பின்னேரம் அஞ்சு மணிக்குப் பிறகு நான் தண்ணியே குடுக்கிறேல்லை." அப்புவோ, "வயசு போனால் உப்பிடித்தான் பிள்ளை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகளிடம் சொல்ல அவருக்குக் கூச்சம். தந்தையிடம் விபரம் கேட்க அவளுக்கும் கூச்சம்.

அரசாங்க வைத்தியசாலையில் ஸ்கான் செய்தபோதுதான் காரணம் தெரிந்தது. சலம் கழித்துவிட்டு வந்த பின்னரும் அவருடைய சலப்பையில் 600 மில்லிலீற்றருக்கு மேல் தேங்கி நின்றது. சிறுநீரகங்களும் வீங்கத் தொடங்கியிருந்தன. நிறைந்த தொட்டி வழிவதுபோலவே அவருக்குச் சலம் வழிந்திருக்கிறது. குழாய் போட்டுச் சலத்தை வடித்து, வீக்கம் குறைந்ததும் சத்திரசிகிச்சை செய்தார்கள். இப்போது பாய் நனைவதில்லை.

இது ஏன் ஏற்படுகிறது? ஆண்களுக்குச் சலப்பையின் கீழே புரொஸ்ரேற் என்னும் சுரப்பி இருக்கிறது. சலம் வெளியேறும் குழாய் அதனூடாகவே செல்கிறது. வயது கூடும்போது இச்சுரப்பி பெரும்பாலான ஆண்களுக்குப் பருக்கிறது. அது குழாயை நெரித்தால், சலம் தொடங்கத் தாமதிக்கும். மெல்லிய தாரையாகப் போகும். முடிந்த பின்னும் சொட்டும். இரவில் பல தடவை எழும்ப வேண்டிவரும். இப்பருமன் புற்றுநோயல்ல. ஆனால் தேங்கும் சலத்தினால் கிருமித்தொற்றும் கல்லும் உண்டாகலாம். அழுத்தம் பின்னோக்கிச் சென்று சிறுநீரகங்களையும் பழுதாக்கலாம். இவை நோவில்லாமலே நடக்கக்கூடும் என்பதுதான் ஆபத்து.

ஸ்கான் எமக்குப் புதிதல்ல. கர்ப்பிணியாக இருந்தபோது வயிற்றில் ஜெல் பூசிக் குழந்தையைப் பார்த்தார்களே, அதே முறைதான் இதுவும். காதுக்குக் கேட்காத ஒலி அலைகள் உடலுக்குள் சென்று திரும்புவதைக் கருவி படமாக்குகிறது. ஊசியுமில்லை, கதிர்வீச்சுமில்லை.

இங்கே சலப்பையை இரண்டு தடவை பார்ப்பது முக்கியம். முதலில் அது நிறைந்திருக்கும்போது பார்ப்பார்கள். பின்னர் சலம் கழித்தவுடன் பார்ப்பார்கள். மீதி 50 மில்லிலீற்றருக்குக் குறைவென்றால் சலப்பை நன்றாக வெறுமையாகிறது என்று பொருள். 300 மில்லிலீற்றருக்கு மேல் தொடர்ந்து நின்றால் அது கவனிக்க வேண்டிய தேக்கம். சுரப்பியின் பருமன், கல், சிறுநீரக வீக்கம் என்பனவும் தெரியவரும். ஆனால் புற்றுநோய் இல்லையென்று இந்த ஸ்கானை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு வைத்தியரின் பரிசோதனையும், தேவைப்பட்டால் இரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

ஷெல், குண்டுக் காயங்களால் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட கணவரையோ சகோதரனையோ பராமரிக்கும் சகோதரிகளும் இதைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்குச் சுரப்பி பருக்காவிட்டாலும், நரம்பு பாதிப்பினால் சலப்பை சரியாகச் சுருங்காமல் சலம் தேங்கலாம். சிறுநீரகங்களை எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை ஸ்கான் செய்ய வேண்டும் என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாம் செய்யக்கூடியவை சில:

• இரவில் எத்தனை தடவை எழும்புகிறார், பாய் நனைகிறதா என்று மூன்று நாட்களுக்கு ஒரு கொப்பியில் குறித்து வைத்தியரிடம் காட்டுங்கள்.

• பகலில் தண்ணீரைக் குறைக்க வேண்டாம். படுக்கப் போகுமுன் சற்றுக் குறைத்தால் போதும்.

• ஸ்கானுக்கு முன் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்று கேட்டறியுங்கள். "சலம் கழித்த பிறகும் பார்ப்பீர்களா?" என்றும் கேளுங்கள்.

• பாவிக்கும் மருந்துகளைக் கொண்டுசெல்லுங்கள். தடிமனுக்குக் கொடுக்கும் சில குளிசைகளும் சலத்தைக் கட்டிவிடும்.

• அடிவயிறு வீங்கி நொந்து, சலமே போகாவிட்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். சலம் போகட்டும் என்று தண்ணீர் பருக்க வேண்டாம்.

சலத்தில் இரத்தம் கண்டாலும், காய்ச்சல் வந்தாலும் தாமதிக்கக்கூடாது.

எல்லோருக்கும் சத்திரசிகிச்சை தேவைப்படுவதில்லை. பலருக்குக் குளிசையே போதும். ஆனால் அதற்கு யாராவது முதலில் வாய் திறந்து கேட்க வேண்டும். நேரே கேட்கக் கூச்சமாக இருந்தால், அயலிலுள்ள நம்பிக்கையான ஆண் ஒருவர் மூலமாவது கேளுங்கள். "வயசு போனால் உப்பிடித்தான்" என்ற பேச்சை மட்டும் பதிலாக ஏற்றுக்கொள்ளாதீர்கள் சகோதரிகளே.