செங்கல் சுவரின் அழகும் வாடகைப் பத்திரத்தின் கடைசிப் பக்கமும்

போன மாதம் தெரிந்த தம்பி ஒருவர் தன் புதுக் கந்தோரைப் பார்க்கக் கூப்பிட்டார். இங்கே பிறந்த பிள்ளை. மென்பொருள் தொழில், ஆறு பேர் வேலை செய்கிறார்கள். இடம் ரொறன்ரோவின் ஸ்பாடினா வீதிப் பக்கம், ஒருகாலம் உடுப்புத் தைத்த பழைய தொழிற்சாலைக் கட்டடம். கூட வந்த அவருடைய அப்பா சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா இது, பூச்சுக்கூடப் பூசேல்லை. இதுக்கோ இவ்வளவு வாடகை?" என்றார். தொழிற்சாலைகளில் இரவு வேலை செய்து பிள்ளைகளைப் படிப்பித்த மனிதர். அதே மாதிரிக் கட்டடத்துக்குள் மகன் காசு கொடுத்துப் போகிறான் என்றால் கேட்கத்தானே செய்வார்?

மகனிடமும் பதில் இருந்தது. மின்விளக்கை நம்ப முடியாத காலத்தில், தையல்காரருக்குப் பகல் வெளிச்சம் வேண்டுமென்று வைத்த பெரிய யன்னல்கள். இயந்திரங்களைத் தாங்கப் போட்ட தடித்த மர உத்திரங்கள். உயர்ந்த கூரை. இவற்றுக்குள் புது மின்கம்பி, வேகமான இணையம், ஏசி, லிப்ட் எல்லாம் போட்டுத் தந்தால், கண்ணாடிக் கோபுரத்தில் கிடைக்காத ஒரு முகம் சின்னக் கொம்பனிக்குக் கிடைத்துவிடுகிறது. ஸ்ரீட்கார் வாசலில் நிற்கிறது. இளம் ஆட்களும் வேலைக்கு விரும்பி வருகிறார்கள்.

இந்தக் கட்டடங்கள் தாமாகப் பிழைக்கவில்லை. தொழிற்சாலைகள் மூடப்பட்ட பின்னும், அந்தப் பகுதியில் தொழிற்சாலைதான் நடத்தலாம் என்ற பழைய விதி இருந்தது. 1996இல், மேயர் பார்பரா ஹோல் காலத்தில், கிங்-ஸ்பாடினா, கிங்-பார்லிமென்ட் பகுதிகளில் மாநகரசபை அதைத் தளர்த்தியது. ஆலோசனை சொன்னவர்களில் ஜேன் ஜேக்கப்ஸும் ஒருவர். புதுத் தொழிலுக்குப் பழைய கட்டடத்தின் மலிவு வாடகை வேண்டும் என்று 1961லேயே எழுதியவர் அவர்.

ஆனால் அந்த மலிவு நிலைக்குமா? 401 ரிச்மண்ட் வீதி மேற்கைப் பாருங்கள். 1899இல் தொடங்கிய தகரப் பெட்டித் தொழிற்சாலை அது. 1994இல் மார்கரெட் சைட்லர் குடும்பம் வாங்கித் திருத்தியது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட கலைஞர்களும் சிறு நிறுவனங்களும் அங்கே இருக்கிறார்கள். 2017இல் அவர்களுக்கு ஆபத்து வந்தது சொத்து வரியால். ஒன்ராறியோவில் ஒரு சொத்தின் மதிப்பு, அந்த நிலத்தில் அதிக இலாபம் தரக்கூடிய பயன்பாட்டை வைத்துக் கணிக்கப்படுகிறது. பக்கத்தில் கொண்டோ கோபுரங்கள் எழும்ப, நாலு மாடிக் கட்டடத்தின் வரியும் எழும்பியது. குடியிருந்தவர்கள் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். 2018இல் மாகாண அரசின் அனுமதியோடு மாநகரசபை இப்படியான இடங்களுக்குத் தனி வரிப் பிரிவை உருவாக்கி, வரியைப் பாதியாகக் குறைத்தது.

கலைஞர்களுக்கு அந்தக் கதவு திறந்தது. எங்கட கணக்காளர், குடிவரவு ஆலோசகர், சின்ன ஐடி கொம்பனிக்காரர் அதற்குள் அடங்குவது கடினம். அதோடு, வீட்டு வாடகைக்கு இருக்கும் உச்சவரம்பு இங்கே கடை, கந்தோர் வாடகைக்கு இல்லை. 'டிஎம்ஐ' என்ற பெயரில் வரி, பராமரிப்பு, காப்புறுதி மூன்றும் பெரும்பாலும் வாடகைக்காரர் தலையில்தான் விழுகிறது. அழகான யன்னலுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான்.

ஆகவே கையெழுத்துப் போட முன் நாலு கேள்வி கேளுங்கள். கடந்த சில வருடங்களில் டிஎம்ஐ எவ்வளவு கூடியது? லிப்ட்டோ ஏசியோ முழுதாக மாற்ற வேண்டி வந்தால் செலவு யாருடையது? மரத் தளத்தில் மேல்மாடிச் சத்தம் கேட்குமா? இடித்துக் கட்டப் போகிறோம் என்று அறிவித்தல் தந்து உங்களை எழுப்பும் பிரிவு பத்திரத்தில் இருக்கிறதா? பல இடங்களில் இருக்கிறது. உட்புற வேலைக்கு ஐம்பதாயிரம் டொலர் கொட்டிய பிறகு அதைக் கண்டுபிடித்தால் யாரிடம் போய் அழுவது? ஒரு வழக்கறிஞரிடம் காட்டச் செலவாகும் காசு அதோடு பார்த்தால் ஒன்றுமில்லை.

அன்று திரும்பும்போது அந்த அப்பா லிப்ட்டுக்குள் மகனிடம் கேட்டார்: "இதை உடைக்கப் போறமெண்டு சொன்னா எங்க போவாய்?"

தம்பி சிரித்தார். இரவு எனக்கு ஃபோன் எடுத்து, "அண்ணை, பத்திரத்தைத் திரும்ப வாசிச்சுப் பாத்தனான். கடைசிப் பக்கத்தில அது கிடக்கு" என்றார்.