பொத்தானுக்கும் விண்டோஸுக்கும் நடுவே

மேசைக் கணினியின் பவர் பொத்தானை அழுத்தும்போது விண்டோஸ் ஹார்ட் டிஸ்கில் வெறும் கோப்புகளாகக் கிடக்கிறது. தானாக எழுந்து ஓட அதற்கு வழியில்லை. அதற்கு முன்னால் ஒன்று மற்றொன்றை எழுப்பிவிடும் வேலை வரிசையாக நடந்தாக வேண்டும். அதைத்தான் பூட் ஆவது என்கிறோம். வரிசை எங்கே அறுந்தாலும் வாடிக்கையாளர் சர்வீஸ் கடையில் சொல்வது ஒரே வாக்கியம்தான்: “சிஸ்டம் ஆன் ஆகல.”

வரிசையில் முதலில் நிற்பது எஸ்எம்பிஎஸ். சுவர் பிளக்கில் வரும் 230 வோல்ட் மின்சாரத்தை அது 12, 5, 3.3 வோல்ட்டுகளாகக் குறைத்துத் தருகிறது. அளவுகள் நிலைப்பட்டதும் ‘பவர் குட்’ என்னும் சைகையை மதர்போர்டுக்கு அனுப்புகிறது. இந்தச் சைகை வந்த பிறகே பிராசஸர் வேலையைத் தொடங்கும். இரண்டாவது, மதர்போர்டில் ஒரு சிறு சிப்பில் பதிந்திருக்கும் பயாஸ். இப்போதைய கணினிகளில் அதன் இடத்தில் யுஇஎஃப்ஐ இருக்கிறது. ராம், கிராபிக்ஸ், கீபோர்டு எல்லாம் இருக்கின்றனவா என்று அது தலை எண்ணுகிறது. இந்தச் சோதனைக்கு போஸ்ட் என்று பெயர். மூன்றாவது, டிஸ்க் கண்ணில் படவேண்டும். நான்காவது, அந்த டிஸ்கில் பூட் லோடர் என்னும் சிறு நிரல் பழுதில்லாமல் இருக்கவேண்டும். ஐந்தாவதாக, பூட் லோடர் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலை ராமில் ஏற்ற, கெர்னல் டிரைவர்களை ஏற்ற, கடைசியில் பாஸ்வேர்டு கேட்கும் திரை வருகிறது.

ஆகவே பூட் ஆகாத கணினியைப் பார்க்கும்போது முதல் கேள்வி, இந்த ஐந்தில் எதுவரை போய் நின்றது என்பதே. அதற்கான பதிலைத் திரையும் விசிறியும் ஒலியும் பெரும்பாலும் சொல்லிவிடும்.

முட்டுக்காட்டுக் காற்று

கடற்கரை ஊர்களில் இந்த வரிசை அறுபட உப்புக் காற்றும் ஒரு காரணம். சென்னைக்குத் தெற்கேயுள்ள முட்டுக்காட்டில் கிழக்கே வங்கக்கடல். மேற்கே உப்பங்கழியும் அதனூடே செல்லும் பக்கிங்காம் கால்வாயும். காற்று எந்தப் பக்கமிருந்து வீசினாலும் உப்பு நீரைத் தொட்டுவிட்டே வீட்டுக்குள் வருகிறது. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய வீடுகளுக்கும் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் இதே நிலைதான். ஜன்னல் கம்பியும் சைக்கிள் செயினும் துருப்பிடிப்பது கண்ணுக்குத் தெரியும். கேபினட்டுக்குள் நடப்பது தெரியாது.

காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு, காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் அடுப்பங்கரை உப்பு ஜாடி கசிந்து நிற்பது இதனால்தான். கணினியின் விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும்போது நுண்ணிய உப்புத் துகளும் தூசியும் மதர்போர்டின்மேல் படிகின்றன. ஈரம் ஏறியதும் அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்துகிறது. செம்பை அரித்துப் பச்சைப் பூச்சாக்குகிறது. ராமின் தொடுமுனைகளுக்கு மேலே தங்க முலாம் இருந்தாலும், அது மிக மெல்லியது. அதிலுள்ள நுண்துளைகள் வழியே அடியிலிருக்கும் உலோகம் அரிக்கப்பட்டு, அந்த அரிப்பு மேலே பரவுகிறது.

தினமும் ஓடும் கணினி தன் சூட்டில் தானே உலர்ந்துவிடும். வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டின் கணினிக்கு அந்த வாய்ப்பு இல்லை. வார இறுதியில் மட்டும் ஆள் வரும் கடற்கரை வீடுகளில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த சிஸ்டம் திடீரென்று பூட் ஆகாமல் போனால், பாகம் எரிந்துவிட்டது என்று முடிவு கட்டுமுன் தொடுமுனைகளைப் பார்ப்பது நல்லது.

பொத்தானை அழுத்தினால் எதுவும் இல்லை

விசிறி சுழலவில்லை, விளக்கும் எரியவில்லை என்றால் விண்டோஸுக்கும் இந்தக் கோளாறுக்கும் சம்பந்தமே இல்லை. பார்க்க வேண்டிய வரிசை வெளியிலிருந்து உள்ளே: சுவர் சுவிட்ச், யூபிஎஸ், பவர் கார்டு, எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறமுள்ள சுவிட்ச், கடைசியில் முன்பக்கப் பொத்தானிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் மெல்லிய ஒயர். பிளக்கில் ஒரு மேசை விளக்கைப் பொருத்திப் பார்ப்பதே போதுமான முதல் சோதனை. யூபிஎஸ்ஸைத் தவிர்த்து நேராகச் சுவரில் செருகிப் பார்ப்பது அடுத்தது; பேட்டரி வீங்கிய யூபிஎஸ் பல நேரம் கணினியின் தலையில் பழி போட்டுவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் எஸ்எம்பிஎஸ்மீது சந்தேகம் திரும்பும். அதை மாற்றித்தான் சோதிக்க வேண்டும். வீட்டில் திறந்து பார்க்கக் கூடாது. அதனுள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் அப்படியே இருக்கும்.

புயலுக்குப் பின் மின்சாரம் திரும்பும் வேளை எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஆபத்தானது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையை ஒட்டிக் கரையைக் கடந்தபோது பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் இருந்தன. 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையேறியது. புயல் அறிவிப்பு வந்ததும் பிளக்கைக் கழற்றிவிட்டு, மின்சாரம் வந்து ஏற்ற இறக்கம் அடங்கிய பிறகு செருகுவது செலவில்லாத பாதுகாப்பு. தரையில் வைத்த கேபினட்டுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் ‘ஓடுகிறதா’ என்று ஒருமுறை ஆன் செய்து பார்ப்பதே அதைக் கொன்றுவிடும். ஈரமாக இருக்கும்போது பாயும் மின்சாரம்தான் பாகங்களை எரிக்கிறது.

விசிறி சுழல்கிறது, திரை கறுப்பு

மின்சாரம் வருகிறது, போஸ்ட் முடியவில்லை. மானிட்டர் ஆன் ஆகியிருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் கேபிளை மதர்போர்டின் துளையில் செருகிவிட்டுத் திணறுவதும் உண்டு.

ராம் கிடைக்காவிட்டால் பயாஸ் பீப் ஒலியால் முறையிடும். எத்தனை பீப்புக்கு என்ன பொருள் என்பது பயாஸ் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மதர்போர்டின் கையேட்டில் பட்டியல் இருக்கும். புதிய மதர்போர்டுகள் பலவற்றில் பிராசஸர், ராம், கிராபிக்ஸ், பூட் என நான்கு சிறு விளக்குகள் உண்டு. எது அணையாமல் நிற்கிறதோ அதுவே நின்ற இடம்.

ராமைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் துடைத்து மாட்டுவது தமிழ்நாட்டுச் சர்வீஸ் கடைகளின் முதல் வைத்தியம். கடற்கரையில் அதற்குப் பலன் அதிகம். பிளக்கைக் கழற்றிவிட்டு, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றி, உலோகக் கேபினட்டைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்கிய பிறகே ராமில் கை வைக்கவேண்டும். ரப்பர் மெதுவாகப் படட்டும், தங்க முலாம் தேயும். துடைத்த துகள் ஸ்லாட்டுக்குள் விழக்கூடாது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணி இன்னும் நல்லது. இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் மாட்டிப் பார்த்து, பிறகு மற்றதை மாட்டினால் குற்றவாளி எது என்று தெரிந்துவிடும்.

காசு போன்ற பேட்டரி

மதர்போர்டில் நாணய வடிவில் ஒரு பேட்டரி இருக்கிறது. சிஆர்2032 என்னும் 3 வோல்ட் பேட்டரி அது. கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அதன் வேலை. பழைய கணினிகளில் பயாஸ் அமைப்புகளையும் அதுதான் காக்கிறது. பிளக் செருகியிருக்கும் வரை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் 5 வோல்ட் இந்த வேலையைப் பார்ப்பதால் பேட்டரி ஆண்டுக்கணக்கில் உழைக்கும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஊருக்குப் போகும் வீடுகளில் முழுச் சுமையும் பேட்டரிமேல் விழுவதால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் பல ஆண்டு பின்னுக்குப் போகும். எந்த டிஸ்கிலிருந்து பூட் ஆகவேண்டும் என்பதும், டிஸ்கோடு எந்த முறையில் பேசவேண்டும் என்பதும் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடலாம். விண்டோஸ் நிறுவப்பட்டபோது இருந்த முறை ஒன்று, இப்போதைய முறை வேறொன்று என்றால் நீலத்திரைதான் மிஞ்சும். டிஸ்கும் விண்டோஸும் நலமாக இருந்தும் கணினி பூட் ஆகாது. தேதி தவறாகத் தெரிந்தால் முதலில் மாற்றவேண்டியது இந்தப் பேட்டரியை. அது சென்னை ரிச்சி தெருவில் மட்டுமன்றி ஊர்க் கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

‘பூட் டிவைஸ் இல்லை’ என்ற செய்தி

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இந்தச் செய்தி வந்தால் போஸ்ட் வெற்றி. எஸ்எம்பிஎஸ், ராம், பிராசஸர் எல்லாம் தேறிவிட்டன. முதலில் மாட்டியிருக்கும் பென் டிரைவ்களைக் கழற்றவேண்டும். பயாஸ் அவற்றில் விண்டோஸைத் தேடி ஏமாந்திருக்கலாம். அடுத்து, ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிப் பயாஸுக்குள் போய், டிஸ்கின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

பெயர் இல்லையென்றால் கோளாறு கேபிளிலோ டிஸ்கிலோ இருக்கிறது. சாட்டா கேபிளின் இரு முனைகளையும் கழற்றி மாட்டுவதும், வேறு கேபிள் போட்டுப் பார்ப்பதும் முதல் வேலை. ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று தட்டினால் உடனே அணைத்துவிடவேண்டும். மேலும் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தகவலைத் தின்னும். எஸ்எஸ்டி இப்படி ஒலி எழுப்பாது, சத்தமில்லாமல் செத்துவிடும்.

பெயர் இருக்கிறது, விண்டோஸ் மட்டும் வரவில்லை என்றால் பூட் லோடரைப் பார்க்கவேண்டும். பழைய முறையில் டிஸ்கின் முதல் 512 பைட்டுக்குள் பூட் நிரலுக்கு 446 பைட் மட்டுமே இடம். யுஇஎஃப்ஐ முறையில் இதற்கென்று டிஸ்கில் ஒரு தனிப் பகுதியே உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் இந்தப் பகுதிகளும் கோப்பு அட்டவணையும் சிதையலாம்.

விண்டோஸ் சின்னம் வந்து நின்றால்

சின்னம் தெரிந்தபின் சுற்றிக்கொண்டே இருப்பதும், மீண்டும் மீண்டும் ரீஸ்டார்ட் ஆவதும், நீலத்திரையும் ஐந்தாவது கட்டத்தின் கோளாறுகள். விண்டோஸ் 10, 11 இரண்டும் தொடர்ந்து பூட் ஆகத் தவறினால் மீட்புத் திரையைத் தாமே காட்டும். அதிலுள்ள ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’ பூட் லோடரைச் சீர்செய்ய முயலும். கடைசி அப்டேட்டுக்குப் பின் கோளாறு வந்திருந்தால் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ அதைக் கழற்றிவிடும். ‘சேஃப் மோட்’ மிகத் தேவையான டிரைவர்களை மட்டும் ஏற்றும். அதில் ஓடினால் வன்பொருள்மீது சந்தேகம் குறைந்து, புதிதாகப் போட்ட மென்பொருள்மீது திரும்பும். செக்டிஸ்க் கட்டளை கோப்பு அட்டவணையைச் சரிபார்க்கும்.

உலகின் மிகப் பெரிய பூட் கோளாறு இந்தக் கட்டத்தில் நடந்ததுதான். 2024 ஜூலை 19 அன்று, இந்திய நேரம் காலை 9.39க்கு கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் பழுதான ஒரு கோப்பை அனுப்பியது. மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டில் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மருந்து எளியது: சேஃப் மோடில் நுழைந்து அந்த ஒரு கோப்பை நீக்குவது. ஆனால் பூட் ஆகாத கணினிக்கு இணையம் வழியே மருந்து அனுப்புவது எளிதல்ல என்பதால், பல இடங்களில் ஆள் போய் ஒவ்வொன்றாக உட்கார்ந்து செய்யவேண்டியிருந்தது. பிட்லாக்கர் என்னும் டிஸ்க் பூட்டு போட்டிருந்தவற்றுக்கு 48 இலக்க மீட்புச் சாவியும் தேவைப்பட்டது. வீட்டுக் கணினிக்கும் இது பொருந்தும். பயாஸ் அமைப்பை மாற்றினால்கூட விண்டோஸ் 11 அந்தச் சாவியைக் கேட்கலாம். சாவி பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதைத் தாளில் எழுதி வைப்பது நல்லது.

ஃபார்மட்டுக்கு முன்

எல்லாம் தோற்றால் விண்டோஸை மீண்டும் நிறுவவேண்டியதுதான். ‘ரீசெட்’ வசதியில் சொந்தக் கோப்புகளை வைத்துக்கொள்ளும் தேர்வு உண்டு. அதற்கும் முன்னால் கோப்புகளை வெளியே எடுத்துவிடவேண்டும். டிஸ்கைக் கழற்றி இன்னொரு கணினியில் இணைக்கலாம். உபுண்டுவையோ, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையோ பென் டிரைவிலிருந்து ஓட்டி, பூட் ஆகாத விண்டோஸின் படங்களையும் கணக்குகளையும் வேறு டிஸ்குக்குப் படியெடுக்கலாம். லினக்ஸ் பென் டிரைவில் சீராக ஓடினால், டிஸ்க் தவிர மற்ற பாகங்கள் பெரும்பாலும் நலம் என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

‘ஃபார்மட் அடிச்சா சரியாயிடும்’ என்பது கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. ஐந்து கட்டங்களில் ஃபார்மட்டால் சரியாகக்கூடியவை கடைசி இரண்டு மட்டுமே. தளர்ந்த கேபிளையும், தீர்ந்த பேட்டரியையும், உப்பு பூத்த ராமையும் அது தொடுவதில்லை. அழிப்பது கோப்புகளை மட்டும்தான்.